பொம்மையாக மறுத்த முகம்: கோச்சடையான் திரைப்படத்தின் முப்பரிமாண உருவாக்கம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

2014ஆம் ஆண்டு வெளிவந்த கோச்சடையான், நடிகர்களின் அசைவைக் கணினியில் பதிந்து, அதன்மேல் முப்பரிமாண மென்பொருளில் முகமும் தோலும் உடையும் அமைத்து உருவாக்கப்பட்ட தமிழ்த் திரைப்படமாகும். அதன் பாத்திரங்கள் பொம்மை போல் உள்ளன என்பது படம் வெளிவந்தபோது பரவலாக எழுந்த குறை. அக்குறையை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. எண்ணிமப் பாத்திரம் உருவாகும் படிநிலைகள், அத்துறையில் பிறநாட்டுப் படங்கள் கண்ட வெற்றி தோல்விகள், தமிழர் அறிந்த பொம்மலாட்டம், பலகுரல் மேடை ஆகியவற்றின் துணைகொண்டு, பொம்மையாக இருந்தது அன்று, பொம்மையாக இருக்க மறுத்ததே அப்படத்தின் சிக்கல் என்று நிறுவ முயல்கிறது. மறைந்த நடிகர்களின் உருவங்கள் மீட்டுருவாக்கம் செய்யப்படும் இக்காலத்தில், நுணுக்கத்தையும் செம்மையையும் வேறுபடுத்தி அறியும் திறனாய்வுச் சொல்வளம் தமிழுக்கு உடனடித் தேவை என்பதையும் வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: கோச்சடையான், எண்ணிமப் பாத்திரம், அசைவுப் பதிவு, ரெண்டரிங், மெய்ப்பாடு, பொம்மலாட்டம், நாகேஷ்.

முன்னுரை

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி, கே. எஸ். ரவிக்குமார் கதை எழுதி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த கோச்சடையான் 2014 மே 23 அன்று வெளியானது. 'ராணா' என்னும் படம் 2011இல் ரஜினிகாந்தின் உடல்நலக் குறைவால் நின்றுபோன பின் தொடங்கப்பட்ட முயற்சி இது. நடிகர்களின் அசைவுகள் 2012இல் லண்டனில் பதிவு செய்யப்பட்டன. ஒளிப்படத்தை ஒத்த தோற்றத்துடன், அசைவுப் பதிவு முறையில் இந்தியாவில் உருவான முதல் படம் என்று அது அறிமுகப்படுத்தப்பட்டது.

படம் வெளிவந்தபின் எழுந்த பேச்சு பெரும்பாலும் இரண்டு முனைகளில் நின்றது. ஒரு சாரார் முதல் முயற்சி என்பதால் குறை பொறுக்க வேண்டும் என்றனர். மறுசாரார் பொருளும் காலமும் போதவில்லை, ஆகவே பாத்திரங்கள் பொம்மையாயின என்றனர். இரண்டும் ஒரே எடுகோளின்மேல் நிற்பவை. இன்னும் மிகுதியான நுணுக்கம் இருந்திருந்தால் உருவம் உயிர்பெற்றிருக்கும் என்பதே அவ்வெடுகோள். அது சரியா என்பதே இக்கட்டுரையின் முதன்மை வினா.

எண்ணிமப் பாத்திரத்தின் படிநிலைகள்

திரையில் தோன்றும் எண்ணிம முகம் ஒரே செயலில் பிறப்பதன்று. முதலில் சிற்பி, மென்பொருளில் களிமண்ணைப் போன்றதோர் உருவை இழுத்தும் அழுத்தியும் வடிக்கிறார். பல கோணங்களின் இணைப்பாலான அவ்வலை, மெஷ் என்று தொழிலில் வழங்கப்படும். தோலின் துளைகளும் கண்ணோரச் சுருக்கங்களும் வேண்டுமெனில் அவ்வலை பல இலட்சம் கோணங்களாகப் பிரிக்கப்படுகிறது. அத்தகைய கனத்த வலையை அசைக்க இயலாது. எனவே அதன்மேல் எளிய வலையொன்று புதிதாகப் பின்னப்பட்டு, நுண்மேடு பள்ளங்கள் தனிப் படங்களாக மாற்றி அதன்மீது போர்த்தப்படுகின்றன. வாயையும் கண்களையும் சுற்றி வலையின் கோடுகள் வளையங்களாக ஓட வேண்டும். தசை சுருங்கும் திசையில் வலை ஓடவில்லையெனில், சிரிக்கும்போது கன்னம் மடியாது, நசுங்கும்.

அடுத்தது தோல். மனிதத் தோல் ஒளியை முழுவதும் திருப்பி அனுப்புவதில்லை. ஒளியின் ஒரு பகுதி தோலுக்குள் நுழைந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளிவருகிறது. விளக்கொளிக்கு எதிரே காதுமடல் சிவந்து தோன்றுவது இதனால்தான். இச்சிதறலைக் கணினியில் நடைமுறைக்கு ஏற்றவாறு கணக்கிடும் முறையை 2001இல் ஜென்சன், மார்ஷ்னர், லெவோய், ஹன்ரகான் ஆகியோர் வெளியிட்டனர். அதற்கு முன்னர் எண்ணிமத் தோல் மெழுகாகவோ நெகிழியாகவோ தோன்றியதற்கு இக்கணக்கின் இன்மையே முக்கியக் காரணம்.

பின்னர் ரிக் என வழங்கும் எலும்புச் சட்டகமும், முகத்தின் பல நிலைகளைக் கலந்து தரும் வடிவங்களும் அமைக்கப்படுகின்றன. உளவியலாளர்களான எக்மன், ஃப்ரீசன் இருவரும் 1978இல் வெளியிட்ட முகவசைவுக் குறியீட்டு முறை இதற்கு அடிப்படையாகப் பயன்படுகிறது. புருவத்தின் உட்புறம் உயர்தல், உதட்டோரம் இழுபடுதல் என்பன போன்ற தசைச்செயல்களின் அலகுகளாக முகத்தை அது பகுக்கிறது. இறுதியாக ஒளியமைக்கப்பட்டு, ஒவ்வொரு சட்டகமும் கணக்கிடப்பட்டுப் படமாகிறது. இதுவே ரெண்டரிங். நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் இரண்டு மணி நேரப் படத்திற்கு 1,72,800 சட்டகங்கள் தேவை. முப்பரிமாணக் காட்சிக்கு இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிப் படம் வேண்டுமாதலால் இத்தொகை இரட்டிக்கிறது.

இப்படிநிலைகளில் எங்கே பிழை நேர்ந்தாலும் பார்வையாளர் அறிவது ஒன்றே: முகம் சரியில்லை. எந்தப் படியில் அது தவறியது என்று கூறுவது திறனாய்வின் கடமை. கோச்சடையானைக் குறித்த பேச்சில் இப்பகுப்பு நிகழவில்லை. பொம்மை என்னும் ஒற்றைச் சொல்லே வலையின் குறையையும் தோலின் குறையையும் அசைவின் குறையையும் சுமந்தது.

நுணுக்கமும் செம்மையும்

நுணுக்கம் மிகுந்தால் உயிர் வரும் என்னும் எடுகோளை மறுப்பதற்குத் தெளிவான சான்று, ஹிரோனோபு சகாகுச்சி இயக்கத்தில் ஹவாயில் உருவாகி 2001இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின். அதன் தலைவி அக்கி ராஸின் கூந்தலுக்கு மட்டும் ஏறத்தாழ 60,000 மயிரிழைகள் தனித்தனியே உருவாக்கப்பட்டன. சுமார் 13.7 கோடி டாலர் செலவிடப்பட்டது. ஆயினும் பார்வையாளர் அம்முகங்களுடன் ஒன்றவில்லை. படம் பெரும் இழப்பைச் சந்தித்தது. பொருளும் நுணுக்கமும் போதாமையே தோல்விக்குக் காரணம் என்னும் விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

அடுத்த ஆண்டு வெளிவந்த தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி டூ டவர்ஸ் படத்தின் கோலம் என்னும் பாத்திரம் இதற்கு மறுதலை. ஆண்டி செர்கிஸின் நடிப்பு அதற்கு அடிப்படை. ஆனால் முகத்தின் அசைவுகளை அசைவூட்டக் கலைஞர்கள் அவருடைய நடிப்பைப் பார்த்துக் கைப்பட அமைத்தனர். கோலத்தின் கண்கள் மனிதக் கண்களைவிடப் பெரியன, உடல் மெலிந்து திரிந்தது. தோலின் ஒளிச்சிதறல் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டது. எனினும் அந்நுணுக்கம் மனிதப் போலியை உண்டாக்கப் பயன்படவில்லை. இரு மனங்களாகப் பிளவுண்ட ஒரு பாத்திரத்தைத் துலக்கவே பயன்பட்டது. எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்னும் தேர்வு அங்கே நிகழ்ந்தது.

இத்தேர்வையே இக்கட்டுரை செம்மை எனக் குறிக்கிறது. நுணுக்கம் என்பது சேர்க்கையின் அளவு. செம்மை என்பது சேர்க்கையின் தகுதி. ஒரு முகத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்பது நுணுக்கம். எந்தச் சுருக்கம் எந்தச் சொல்லின்போது தோன்ற வேண்டும் என்பது செம்மை. மென்பொருள் முன்னதை எளிதாக்கித் தரும். பின்னதைத் தருவதில்லை.

பொம்மை என்னும் சொல்

எண்ணிம உருவங்கள் ஏற்படுத்தும் ஒவ்வாமையை விளக்க, ஜப்பானிய இயந்திரவியலாளர் மசாகிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. உருவம் மனிதனை ஒக்க ஒக்க நம் ஈடுபாடு வளர்கிறது என்றும், மிக நெருங்கிய ஒரு கட்டத்தில் அது திடீரெனச் சரிந்து அச்சமாகிறது என்றும் அவர் கூறினார். அசைவு சேரும்போது அப்பள்ளம் மேலும் ஆழமாகிறது என்பதும் அவர் கருத்து.

மோரியின் கட்டுரையில் பலரும் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. ஜப்பானியப் பொம்மலாட்டமாகிய புன்ராகுவின் பாவைகளை அவர் பள்ளத்தில் வைக்கவில்லை. பள்ளத்தைக் கடந்த மறுகரையில், மிகுந்த ஈடுபாடு தருவனவற்றோடு வைத்தார். அப்பாவைகள் அளவிலும் தோலிலும் மனிதரை ஒத்தவை அல்ல. அரங்கில் சற்றுத் தொலைவிலிருந்து காண்பவருக்கோ அவை மனிதராகின்றன.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மரப்பாவையின் முகம் அசைவதில்லை. அரிச்சந்திரன் கதையில் சந்திரமதி புலம்பும்போது பாவையின் கண்ணில் நீரில்லை. தலையின் சாய்வும், கையின் தளர்ச்சியும், பின்னிருந்து வரும் பாட்டும் சேர்ந்து காண்போரை அழவைக்கின்றன. முகம் சொல்லாததைக் காண்பவர் மனம் நிரப்பிக்கொள்கிறது. நிரப்புவதற்கு இடம் விடப்பட்டிருப்பதே பாவையின் வலிமை.

எனவே கோச்சடையானின் பாத்திரங்களைப் பொம்மை என்று பழித்தது சொல்லளவில் பிழை. அவை பொம்மையாகத் தம்மை ஒப்புக்கொண்டிருந்தால், பார்வையாளர் அவற்றின் முகத்தில் தசையின் துடிப்பைத் தேடியிருக்க மாட்டார். ஒளிப்படம் போன்ற தோற்றம் என்னும் வாக்குறுதி, ஒளிப்படத்தின் அளவுகோலைப் பார்வையாளர் கையில் தந்துவிட்டது. அண்மைக் காட்சிகளில் வழுவழுப்பான தோலும், பேச்சோடு முழுதும் பொருந்தாத உதட்டசைவும், எதிரில் நிற்பவரிடம் பதியாத பார்வையும் அவ்வளவுகோலால் அளக்கப்பட்டுத் தோற்றன.

உடலின் வெற்றியும் முகத்தின் தோல்வியும்

படம் முழுவதும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். கோச்சடையான் ஆடும் தாண்டவக் காட்சியில் உடலே பேசுகிறது. முகம் சடையாலும் ஒளியாலும் பாதி மறைகிறது. பதிவு செய்யப்பட்ட அசைவின் எடை அங்கே புலப்படுகிறது. தொலைக்காட்சிக் கோணங்களிலும் நிழலுருவங்களிலும் இதே நிலை. மாறாக, தந்தை கொலைத்தண்டனைக்கு உள்ளாவதை மகன் காணும் பகுதி முகத்தையே நம்பி நிற்கிறது. கதையின் பழிவாங்கல் முழுவதற்கும் வேராக உள்ள அத்துயரம் வசனத்தாலும் இசையாலும் உணர்த்தப்படுகிறதே தவிர, முகத்தால் உணர்த்தப்படவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளும், ஒவ்வொன்றுக்கும் நந்நான்காக வரும் நிலைக்களன்களும் ஓர் அடிப்படையைக் கொண்டவை. உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. அசைவுப் பதிவு இவ்வுறவின் புறப்பகுதியை மட்டும் எண்களாக்கிக்கொள்கிறது. அவ்வெண்கள் வேறோர் உடலுக்கு மாற்றப்படும்போது, அகத்துடன் அவற்றுக்கிருந்த பிணைப்பை மீண்டும் கட்டுவது அசைவூட்டக் கலைஞரின் பணி. நடிகர் ஏன் அங்கே தயங்கினார், எச்சொல்லில் குரல் தாழ்ந்தது என்று உணர்ந்து திருத்தினாலன்றி, பதிவு பதிவாகவே நிற்கும். மெய் இருக்கும், பாடு இராது.

கோச்சடையானில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. 1950இல் பிறந்த ரஜினிகாந்த், படம் வெளியானபோது 63 வயதினர். திரையில் தோன்றும் முகமோ அவருடைய இளமைக் காலத்தை நினைவூட்டுவது. அறுபதைக் கடந்தவரின் குரலும், அவ்வயதிற்குரிய நிதானமும், முப்பது வயதுத் தோலுக்குள் பொருத்தப்பட்டன. இளமையைத் தோலின் பண்பாக மட்டும் கருதியதன் விளைவு இது. இளமை, அசைவின் வேகத்திலும் மூச்சிலும் உள்ளது.

ரஜினிகாந்தின் நடிப்பு முறையையும் இங்கே எண்ண வேண்டும். அவர் திரைவாழ்வின் தொடக்கம் முதல் சுருக்கக் குறிகளால் தம்மை அமைத்துக்கொண்டவர்: விரைந்த நடை, முடியைக் கோதும் கை, திடீரெனத் திரும்பும் தலை, சொல்லுக்குச் சொல் மாறும் வேகம். ஊர்த் திருவிழா மேடையில் பலகுரல் கலைஞர் ஒருவர் முகச்சாயல் சிறிதும் இல்லாமல், நடையாலும் கையசைவாலும் மட்டும் ரஜினிகாந்தை வரவழைத்துவிடுகிறார். கூட்டம் உடனே அடையாளம் கண்டு ஆரவாரிக்கிறது. பல இலட்சம் கோணங்களாலான வலை செய்ய இயலாததை ஒரு கைவீச்சு செய்கிறது. ஆளின் அடையாளம் தோலில் இல்லை, நடையில் உள்ளது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. சுருக்கக் கலைஞரான ஒருவரை, சுருக்கத்திற்கு நேர்மாறான ஒளிப்பட மெய்மையில் வார்க்க முயன்றதே படத்தின் அடிப்படை முரண்.

நாகேஷின் முகம்

கோச்சடையானில் 2009இல் மறைந்த நாகேஷின் உருவமும் எண்ணிம முறையில் மீட்டுருவாக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் 2016இல் வெளிவந்த ரோக் ஒன் என்னும் ஆங்கிலப் படத்தில், 1994இல் மறைந்த பீட்டர் குஷிங்கின் முகம் மற்றொரு நடிகரின் நடிப்பின்மேல் பொருத்தப்பட்டபோது உலக அளவில் பெரும் விவாதம் எழுந்தது. காலத்தால் முந்திய தமிழ் முயற்சி அத்தகைய விவாதத்தை எழுப்பவில்லை. திரையரங்கில் கைதட்டலும் நெகிழ்ச்சியும் போதுமெனக் கருதப்பட்டன.

நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. அழகிய முகமே நாயக முகம் என்றிருந்த காலத்தில், அம்முகத்துடன் சர்வர் சுந்தரம் (1964), எதிர்நீச்சல் (1968) ஆகிய படங்களின் மையப் பாத்திரங்களை அவர் ஏற்றார். திருவிளையாடல் (1965) படத்தின் தருமி, கோயிலுக்குள் தனியே நடந்தபடி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடம் தமிழர் நினைவில் நிலைத்தது. மெலிந்த உடலின் துள்ளலும், சொல் முடிவதற்குள் தாவும் அடுத்த எண்ணமும் அதனை ஆக்கின. தழும்பை டெக்ஸ்சர் படத்தில் ஒரு பள்ளமாகப் பதிந்துவிடலாம். அத்தழும்புடன் திரையில் நிற்பதற்கு ஒரு மனிதர் கொண்ட துணிவைப் பதிய இயலாது. மேலும், இறந்தவர் உருவத்தை வேறொருவரின் உடலும் குரலுமே இயக்க வேண்டும். அவ்வாறாயின் திரையில் காண்பது நாகேஷின் நடிப்பன்று, நாகேஷைப் பற்றிய நினைவின் நடிப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது கலை வரலாற்றில் ஒரு பிழைப்பதிவாகும்.

இது கலைச்சிக்கல் மட்டுமன்று. 2015 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், உருவம், கேலிச்சித்திரம், வசனம் பேசும் பாணி ஆகியவற்றை ஓர் இந்திப் படம் பயன்படுத்தத் தடை விதித்தது. பேசும் பாணியும் ஆளுமையின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்றது கருதத்தக்கது. பாணியே அடையாளம் என மேலே கூறப்பட்ட கருத்திற்கு அது அரணாகிறது. ஆனால் 2021இல் அதே நீதிமன்றம், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய படம் தொடர்பான வழக்கில், ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவருடன் முடிந்துவிடுவன, வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்குவன அல்ல என்று கூறியது. வாழும் நடிகரின் பாணிக்குக் காப்பு உண்டு. மறைந்த நடிகரின் முகத்திற்கு அத்தகைய உறுதியான காப்பு இல்லை என்னும் இடைவெளி இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே தெரிகிறது.

அவ்விடைவெளி விரிந்துகொண்டே செல்கிறது. 2024இல் லால் சலாம் படத்தின் பாடலொன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டன. குடும்பத்தினரின் இசைவு பெற்று ஊதியமும் வழங்கப்பட்டதாக இசையமைப்பாளர் ரகுமான் வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு வெளிவந்த கோட் படத்தில், 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் உருவம் இடம்பெற்றது. 2023இல் அமெரிக்க நடிகர்கள் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தில் எண்ணிம நகலுக்கான ஒப்புதல் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. தமிழில் இவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்த முயற்சிகளுள் ஒன்று என்ற வகையில் கோச்சடையான் மறுவாசிப்புக்கு உரியதாகிறது.

திறனாய்வுச் சொல்வளத்தின் தேவை

எண்ணிமப் பாத்திரத்தின் நடிப்பு யாருடையது என்னும் வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. நடிகர், சிற்பி, தோல் தீட்டுபவர், சட்டகம் அமைப்பவர், அசைவூட்டுபவர், ஒளியமைப்பவர் எனப் பலர் சேர்ந்து ஒரு முகத்தைச் செய்கின்றனர். வெற்றி நேர்ந்தால் நடிகர் புகழப்படுகிறார். தோல்வி நேர்ந்தால் கிராஃபிக்ஸ் பழிக்கப்படுகிறது. இவ்விரு நிலைகளிலும் கலைஞர்களின் உழைப்பு ஆய்வுக்கு உட்படுவதில்லை.

சுவாமிமலை வார்ப்புச் சிற்பத்தை மதிப்பிடுவோர் மெழுகுருவின் அளவு, வார்ப்பின் திண்மை, உளிவேலையின் செப்பம் எனத் தனித்தனியே பேச அறிவர். வார்த்தெடுத்த படிமம் அப்படியே முழுமை பெறுவதில்லை என்பதும், உளியால் செப்பமிட்ட பின்னரே அது முகம் பெறும் என்பதும் அங்கே பொதுவறிவு. முப்பரிமாண மென்பொருளின் கூறுகள் தமிழ்ச் சிற்ப மரபில் முன்னரே இருந்தன என்று இதனால் கொள்ளற்க. அத்தகைய ஒப்பீடு இரு கலைகளுக்கும் நீதி செய்யாது. ஒரு கலையைப் படிநிலைகளாகப் பகுத்து மதிப்பிடும் பழக்கம் தமிழுக்கு உண்டு, அதனைப் புதிய கலைக்கும் நீட்டிக்க இயலும் என்பதே இங்குக் கூறத்தக்கது. வடிவம், தோல், ஒளி, அசைவு, செம்மை என்னும் ஐந்து கூறுகளாக எண்ணிமப் பாத்திரத்தைப் பகுத்து நோக்கினால், பொம்மை என்னும் ஒற்றைச் சொல்லின் குழப்பம் நீங்கும்.

முடிவுரை

கோச்சடையான் நுணுக்கக் குறைவால் மட்டும் தோற்ற படமன்று. எதனை நுணுக்கமாக்க வேண்டும் என்னும் தேர்வில் அது பிழைத்தது. சுருக்கக் குறிகளால் வாழும் நடிகர் ஒருவரை ஒளிப்பட மெய்மைக்குள் அடைத்தது. முதிர்ந்த குரலை இளைய தோலுக்குள் வைத்தது. மறைந்த கலைஞரின் நினைவை அவரது நடிப்பாகக் காட்டியது. உடல் பேசிய இடங்களில் அது நின்றது, முகம் பேச வேண்டிய இடங்களில் வீழ்ந்தது.

2014இல் முகங்களின் குறை கண்ணுக்குத் தெரிந்ததால் பார்வையாளர் விழிப்புடன் இருந்தனர். மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் வளர்ந்து, தோலின் குறைகள் மறையும் காலம் வந்துகொண்டிருக்கிறது. அப்போது முகம் உண்மையானதா என்று கேட்பது பயன்தராது. அம்முகம் யாருடையது, அதனை இயக்கியவர் யார், இசைவு தந்தவர் யார் என்னும் வினாக்களே எஞ்சும். அவற்றைக் கேட்பதற்கான சொற்களைத் தமிழ்த் திறனாய்வு இப்போதே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும்.